ஐநூறு யூனிட்டும் ஒரு பூட்டும்

பாளையங்கோட்டையில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த மாடிக் குடியிருப்பில் நெருப்புக்கு அனுமதி கிடையாது. கேஸ் சிலிண்டர் வைத்தால் வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் சுவரில் கரி படியும் என்பது வீட்டு உரிமையாளரின் கொள்கை. அடுப்பு கரண்டில், வெந்நீர் கரண்டில், அரைப்பதும் துவைப்பதும் கரண்டில். விளக்கேற்ற ஒரு தீப்பெட்டியாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "சாமிக்குன்னா சரி" என்று பெரிய மனசு பண்ணினார்.

ஆனாலும் அந்த வீடு எனக்கு உயிர். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் அங்கிருந்து ஐந்து நிமிட நடை. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஆழ்வார்குறிச்சியில் கணவரின் அண்ணன் வீட்டு மாடியில் இருந்துகொண்டு, விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு பஸ்ஸில் நின்றே வந்து போனவள் நான். முழங்கால் வலிதான் அந்தப் பன்னிரண்டு வருஷத்தின் சம்பாத்தியம். மறுபடி அந்த பஸ்ஸில் ஏறுவதற்குப் பதில் வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

என் கணவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனதே தவிர கோர்ட்டு அவரை விட்டுப் போகவில்லை. முதல் இரண்டு மாத பில் வந்தது. அறுநூற்று நாற்பது யூனிட். ஐநூறைத் தாண்டினால் கீழே கிடக்கும் யூனிட்டுகளும் சேர்ந்து விலை ஏறுமாம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"ஏட்டி, அடுத்த பில்லு ஐநூறத் தாண்டிச்சோ, பெட்டியக் கட்டு. ஆழ்வார்குறிச்சிதான்."

எனக்கு அந்த பஸ் கண்முன் வந்து நின்றது. அதனால்தான் பிறகு வந்த கூத்துகளுக்கெல்லாம் தலையாட்டினேன். அவர் கணக்கெழுத ஒரு நோட்டுப் போட்டார், கூடவே சட்டங்களும் போட்டார். கீஸர் வாரம் ஒருநாள். வாஷிங் மெஷின் தடை. ஏ.சி. முற்றிலும் தடை. மாவு பத்து நாளைக்கு ஒருமுறை அரைத்தால் போதும். எட்டாம் நாள் சுட்ட தோசையைக் கடித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். சொதி வைக்கத் தேங்காய்ப்பாலை நிதானமாகச் சூடாக்க வேண்டுமே, அதுவும் கூடாது. திருநெல்வேலியில் பிறந்துவிட்டு சொதிக்குத் தடை போட்ட மனுஷன் அவராகத்தான் இருப்பார்.

இதெல்லாம் போதாதென்று, யாரோ நம் கரண்டைத் திருடுகிறார்கள் என்ற சந்தேகம் வேறு. மாடிப்படிக்குக் கீழே எங்கள் மீட்டர் இருக்கும் தகரப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில். தினமும் காலையும் மாலையும் திறந்து பார்த்து, நோட்டில் எழுதி, திரும்பப் பூட்டுவார்.

ரீடிங் எடுக்கும் நாள் நெருங்கியபோது நோட்டுக் கணக்கு நானூற்றுத் தொண்ணூற்றைத் தாண்டி நின்றது. காலாண்டு விடுமுறை. அவருக்கு ஒரே பதற்றம். குழாயைத் திறந்தால் தொட்டி காலியாகும், மோட்டார் போட வேண்டும், ஆகவே குளியல் இனி ஆற்றில்தான் என்றார். இரண்டு நாள் ஸ்கூட்டரில் வண்ணார்பேட்டைப் பக்கம் போய்த் தாமிரபரணியில் முங்கிவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் அழுக்குத் துணி மூட்டையையும் என் மடியில் வைத்தார்.

படித்துறையில் நான் போர்வை கும்மிக்கொண்டிருந்தபோது என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா பார்த்துவிட்டாள். "டீச்சர், வீட்டுல தண்ணி வரலியா?" என்று கேட்டாள். மானம் போய்விட்டது. "ஆத்துத் தண்ணி உடம்புக்கு நல்லதுல்லா" என்று இவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பதில் சொன்னார்.

ஈரத் துணியோடு திரும்பி வந்தபோது, கீழ்வீட்டுப் பெண் வாசலில் நின்றாள்.

"அக்கா, ரீடிங் எடுக்கவரு வந்துட்டுப் போயிட்டாரே. உங்க பெட்டிதான் பூட்டில்லா கெடக்கு. ரெண்டு மட்டம் பெல்லடிச்சுப் பாத்தாரு."

இவர் அரைஞாண் கயிற்றைத் தடவினார். சாவி ஈரமாக அங்கேயே இருந்தது. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். போன ரீடிங்கைக் கழித்தால் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. இருவரும் கண்ணால் பார்த்தோம். ஆனால் மத்தியானம் போனில் வந்த பில் வேறு மாதிரி இருந்தது. பூட்டிக் கிடந்தால் போன தடவைக் கணக்கையே போட்டுவிட்டு, அடுத்த தடவை சரிக்கட்டுவார்களாம். அறுநூற்று நாற்பது யூனிட்.

சரி, இப்போதாவது சிரித்துவிட்டு விடுவார் என்று நினைத்தேன்.

"பில்லுல அறுநூத்தி நாப்பதுன்னுல்லா இருக்கு. காயிதத்துல என்ன இருக்கோ அதான் சாட்சி. பெட்டியக் கட்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பழம்புளிப்புத் தோசை, ஆற்றங்கரை, அந்த அம்மாவின் பார்வை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

"பூட்டுனது யாரு? சாவிய இடுப்புல கட்டிக்கிட்டு ஆத்துல நின்னது யாரு? நான் வரமாட்டேன். நீங்க போங்க ஆழ்வார்குறிச்சிக்கு. ஒரு ஆளு கொறஞ்சா யூனிட்டும் கொறையும்லா!"

பள்ளிக்கூடம் திறந்த அன்று அவர் பையை எடுத்துக்கொண்டு, சாவியை மேசைமேல் சார்ஜ் ஒப்படைப்பதுபோல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. பில் குறையாவிட்டால் அடுத்த தடவை நானும் அதே பஸ்ஸில்தானே போக வேண்டும்? அழுதுகொண்டே கீஸரைப் போட்டேன்.

வருவது வரட்டும் என்று அந்த வாரம் இஷ்டத்துக்கு இருந்தேன். காலையும் மாலையும் முழங்காலுக்கு வெந்நீர். இரண்டு தடவை மாவு அரைத்தேன். மெஷினில் துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இஞ்சித் துவையலோடு சொதி. சாப்பிட்டு முடித்ததும் பயம் வந்துவிட்டது. அவருடைய நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் பெட்டியைத் திறந்தேன். விடுமுறைக்கு முந்தின வாரங்களில் அவர் எழுதியிருந்தது ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. இந்த வாரம் முப்பத்தொன்று.

மூன்று தடவை கழித்துப் பார்த்தேன். முப்பத்தொன்றுதான். நான் படியிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கீழ்வீட்டுப் பெண் வந்தாள்.

"அண்ணாச்சி எப்பம்க்கா வருவாவ? மத்தியானம் நீங்க பள்ளிக்கூடம் போனப்புறம் ஏ.சி. போடுவாவல்லா, அந்த மெசினு எங்க ஜன்னலுக்கு மேலதான் கெடந்து உறுமும். லீவுலயும் இந்த வாரமும் அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரமாட்டேங்கு."

நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கொசுவத்தி மெஷின் வரைக்கும் தனித்தனிப் பக்கம் இருந்தது. ஏ.சி.க்கு மட்டும் பக்கமே இல்லை. நான் இரண்டு மாதம் புளித்த தோசை தின்றிருக்கிறேன். அந்த மகாராசன் குளுகுளு என்று தூங்கியிருக்கிறார்.

உடனே போன் போட்டேன். "இந்த வாரம் முப்பத்தொண்ணு" என்றேன்.

"மீட்டர்ல ஏதோ கோளாறு இருக்கும்" என்றார்.

"கோளாறு இப்பம் ஆழ்வார்குறிச்சியிலல்லா இருக்கு!"

இருமினார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. மனுஷன் ஏற்கெனவே ஸ்டாண்டில்தான் நின்றிருக்கிறார்.

"வரட்டுமா?" என்று பைய கேட்டார்.

"வாங்க" என்றேன். "ஏ.சி. ரிமோட்டத்தான் அந்தத் தகரப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கேன்."