நான் அறுத்த சாத்துக்குடி

வெள்ளைக்காரன் போன மறு வருஷம், எங்கள் காலடிப்பேட்டை வீட்டுப் புழக்கடையில் சாத்துக்குடி ஒட்டுக்கன்று ஒன்று நட்டேன். அங்கே அத்தனையும் உப்பு மண். எதிர்வீட்டுக்காரி தெருவே கேட்கச் சிரித்தாள். அவள் புருஷனுக்கு மில்லில் வேலை. என்னைப் போல மீன் விற்கிறவள் என்றால் அவளுக்கு இளக்காரம்.

"இன்னாமே, இந்த மண்ணுல கருவாடுதான் காயும். சாத்துக்குடி காய்க்குமா?"

"காய்க்கும். மொதப் பழத்த உன் கையிலயே குடுக்கறேன், துன்னு பாரு."

வாயை விட்டாயிற்று. அன்றிலிருந்து மீன் கழுவிய தண்ணீர், குடல், செதில் எல்லாம் அந்தக் கன்றுக்குத்தான். அடுத்த வருஷம் அடித்தண்டிலிருந்து ஒரு துளிர் கிளம்பி, முள்ளும் பச்சையுமாக என் தலைக்கு மேல் போனது. மேலே இருந்த பழைய கிளையோ மஞ்சள் பூத்துச் சோம்பிக் கிடந்தது. உப்பைத் தாங்குவதைத்தான் நாங்கள் மதிப்போம். மீன் வெட்டும் கத்தியால் அந்த நோஞ்சான் கிளையை அறுத்து எறிந்தேன்.

நாலாம் வருஷம் காய்த்தது. தோல் கரடுமுரடாக இருந்தது. இருந்த பெருமையில் அதை யார் பார்த்தது? சொன்னபடி முதல் பழத்தை எதிர்வீட்டுக்காரி கையில் கொடுத்தேன். ஒரு சுளையை வாயில் போட்டாள். முகம் கோணிக்கொண்டது.

"ஐயே, நார்த்தங்கா!"

தெருவே சிரித்தது. நான் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு போய், கன்று விற்றவனிடம் கத்தினேன். அவன் நடந்ததையெல்லாம் கேட்டான், அசரவில்லை.

"நீ அறுத்தியே, அதாம்மா சாத்துக்குடி. வேரு நார்த்தங்கா. ஒட்டுக்குக் கீழ துளிர் வந்தா கிள்ளிப் போடுன்னு அன்னிக்கே சொன்னேன். நீ பேரம் பேசிக்கினு இருந்தே."

தப்பு என்னுடையதுதான். அதைப் பிடுங்கிவிட்டு வேறு கன்று வை என்றான். முடியாது என்றேன். நேராக எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"சாத்துக்குடிய நான்தான் அறுத்துட்டேன். இது நார்த்தங்காதான். ஆனா இந்த மண்ணுல காய்ச்சிதா இல்லியா, அத்த சொல்லு."

அவள் என்னையும் என் கையிலிருந்த கொத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காய்ச்சிதுதான். ரெண்டு குடு, ஊறுகா போடறேன்."

நாலாகக் கொடுத்தேன். அந்த வருஷம் காலடிப்பேட்டையில் வேறு எந்த வீட்டிலும் எலுமிச்சை ஜாதியில் ஒன்றுகூடக் காய்க்கவில்லை. தெருத்தெருவாகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.