அங்கன காத்து எப்படி?

ஓடுகிற கடையை விலைக்கு வாங்கி, முதல் வேலையாக அதன் கதவைச் சாத்திய மேதை நான்தான். கப்பல் வேலைக்குப் போன தூத்துக்குடிக்காரர்கள் கூடிப் பேசும் இணையதளம் அது. விற்ற அண்ணாச்சி தினமும் காலையில் அதில், "அங்கன காத்து எப்படி?" என்று கேட்பார். துபாய், சிங்கப்பூர் என்று பதில்கள் குவியும். ஒரே கேள்வி தினமும் எதற்கு என்று, திரும்பத் திரும்ப வரும் பதிவுகள் தானாக அழியும்படி செய்தேன். அதற்கு 'மேம்பாடு' என்று பெயரும் வைத்தேன். அவர் கேள்வி அழிந்தது, அவர் வரவில்லை. பிறகு தளத்தில் ஈ, காக்கை இல்லை.

சமாதானம் பேச அவர் வீட்டுக்குப் போனேன். இடுப்பில் கட்டம் போட்ட சாரம், நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். வீட்டில் வேறு யாருமில்லை. இன்னொரு நாற்காலியில் துணி குவிந்திருந்தது. ஜன்னலைத் திறந்து காற்றுக்கு முகத்தைக் காட்டினார். பழக்கத்தில் கைபேசியை எடுத்தவர், அப்படியே வைத்துவிட்டார்.

"திரும்ப வந்து கேளுங்க அண்ணாச்சி. அழிக்கிறத நிப்பாட்டிட்டேன்."

"வித்த வீட்டுல போயி வெளக்கேத்தச் சொல்லுதீரோ?"

நாற்காலியில் இருந்த துணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

"சரி, இன்னைக்கு இங்கன காத்து எப்படி?"

"வெளிய போயி பாரும்வே."