கறிவேப்பிலை தின்ற ஆப்பிரிக்கப் புழுக்கள்

கனடாவில் எங்கள் ஸ்காபரோ வீட்டு யன்னலோரம் நின்ற கறிவேப்பிலைக் கன்றை அம்மா என்னைவிடக் கவனமாக வளர்த்தார். பனிக்காலத்தில் எனக்குத் தொப்பி இருக்கிறதோ இல்லையோ, அதற்கு ஹீட்டர் பக்கத்தில் இடம் இருக்கும். இலை கேட்டு வருகிற அன்ரிமாருக்கு ஒரே ஒரு நெட்டுத்தான். அதையும் அம்மாதான் முறிப்பார்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். வண்ணத்துப்பூச்சிகளைக் கண்ணாடிக் கூடத்துக்குள் பறக்கவிட்டுக் காட்டும் ஓர் இடத்தில் துப்புரவு வேலை. கரப்பானைக்கூடக் கடதாசியில் ஏந்தி வெளியே விடுகிற மனிதர். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு எட்டு வயது.

உடுப்பில் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று வாசலில் எல்லோரையும் சுற்றிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். நானும் நல்ல பிள்ளைபோலச் சுற்றிக் காட்டினேன். வெக்கை என்று கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்த ஜக்கெட்டுக்குள் ஒன்று இருந்தது. கறுப்பில் மஞ்சள் புள்ளி போட்ட ஆப்பிரிக்கப் பூச்சி.

வீட்டில் ஜக்கெட்டை விரித்ததும் அது நேரே போய்க் கறிவேப்பிலையில் இருந்தது. மாமாவின் முகம் செத்துப்போயிற்று.

"ஐயோ பிள்ளை, என்ன வேலை பாத்தனி! உதுகளை வெளியில கொண்டுவந்தால் குற்றமெல்லே!"

அடுத்த நாள் மாமா அதைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, ஒருவருக்கும் தெரியாமல் கொண்டுபோய்க் கண்ணாடிக் கூடத்திலேயே விட்டுவிட்டார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். எலுமிச்சைக் குடும்பத்து இலையைக் கண்டால் அது முட்டையிடாமல் போகாது என்று எங்களுக்கு எங்கே தெரியும்? கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தானாம்!

மூன்று கிழமை கழித்து அம்மா வைத்த கூச்சலில் நான் குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடி வந்தேன். கன்றில் பாதி இலை இல்லை, வெறும் ஈர்க்குத்தான். விரல் மொத்தத்தில் பச்சைப் புழுக்கள். அம்மா ஒன்றைத் தட்டியதும் அதன் தலையிலிருந்து இரண்டு சிவப்புக் கொம்புகள் வெளியே வந்தன. அழுகிய தோடம்பழம்போல ஒரு நாற்றம். அம்மா செருப்பைத் தூக்கினார். நான் குறுக்கே விழுந்து அழுதேன்.

நம்பமாட்டீர்கள், அம்மா செருப்பைக் கீழே போட்டார். "சரி, திண்டு துலையட்டும்" என்றார்.

கொன்றது மாமா.

கேத்திலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வாளியில் ஊற்றி, ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். கரப்பானுக்கு இரங்குகிற மாமாவா இது?

"விடன்ரா தம்பி, பாவம்" என்று அம்மாவே சொன்னார்.

"வாற புதன் எனக்கு வழக்கு, அக்கா. இந்த நேரத்தில ஆரும் உதுகளைக் கண்டால் என்ர கதை முடிஞ்சுது."

மாமா கடைசிப் புழுவையும் பிடுங்கி வாளியில் போட்டார். "நீங்கள் கூடாத ஆள்!" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்தேன். அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவேயில்லை.

புதன்கிழமை காலை மாமா புதுச் சேர்ட்டோடு வாசலில் நின்றார். "போட்டு வாறன், பிள்ளை" என்றார். நான் திரும்பவில்லை. சப்பாத்தைப் போட்டுவிட்டு இன்னொரு முறையும் சொன்னார். நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அகதி வழக்குத் தோற்றால் மாமாவைப் பிடித்து, அவர் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எட்டு வயதில் எனக்கு யார் சொன்னார்கள்?