நிஜாம் பேரில் ஒரு ஃபோன்

சிங்காரத்தோப்பில் ஒரு குறுகலான படி ஏறினால் நிஜாமுதீனின் கம்ப்யூட்டர் கடை. கடை என்று சொன்னால் மனிதருக்குப் பிடிக்காது. "விக்கிறவன் கடைக்காரன். நான் செய்யறவன்" என்பார். உதிரிகளை ஒவ்வோர் இடத்தில் வாங்கி, தானே உட்கார்ந்து பூட்டி, பெட்டியின் மேல் 'நிஜாம், திருச்சி' என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பார். இருபத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு.

அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கம்ப்யூட்டரை வாங்கினவர் வீட்டுக்குக் கொண்டுபோனதும் உடனே ஆன் செய்துவிட மாட்டார். வீட்டிலுள்ள எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, இது மூளை, இது ஞாபகம், இது காற்றாடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். குடும்பமே பெண் பார்க்க வந்ததுபோல் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். அதற்குப் பிறகுதான் திருகாணிகளை முடுக்குவார். கொஞ்சம் அலட்டல்தான். ஆனால் அந்த அலட்டலை நம்பித்தான் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் பாதிப் பேர் அவரிடம் வாங்கினார்கள்.

அதில் முதல் ஆள் வடக்குச் சித்திரை வீதி அனுசுயா மாமி. பிரபந்த உரைகளைப் பதிப்பகங்களுக்கு டைப் செய்து கொடுப்பவர். இதுவரை நான்கு கம்ப்யூட்டர், நான்கும் நிஜாமுதீன் பூட்டியவை. "பாய் பண்ணினதுன்னா கண்ணை மூடிண்டு வாங்கலாம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

காலம் மாறிப்போனது. படியேறி வந்தவர்கள் எல்லாம் ஃபோன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். அப்போதுதான் ஃபோன் மொத்த வியாபாரி நஸ்ருல்லா வந்து காதில் ஓதினார்.

"வடக்க ஒரு பார்ட்டி ரெடியா ஃபோன் வச்சிருக்காரு பாய். பின்னாடி உங்க பேரை அச்சடிச்சுக் குடுத்துடுவாரு. கம்ப்யூட்டர் செய்யறவர் ஃபோன் செஞ்சா யாரு வேணாம்பாங்க?"

வீட்டில் மனைவி கமருன்னிசா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

"அதுவும் கம்ப்யூட்டர்தான். சின்னதா இருக்கும், அவ்வளவுதான்" என்று நிஜாமுதீன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பதில் தெரியாதபோது கிளம்பிவிடுவது அவருக்குக் கைவந்த கலை.

நூறு ஃபோன் வந்து இறங்கியது. முதல் ஃபோன் மாமிக்கு. பெட்டியை நீட்டியதும் மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வழக்கம்போல் எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"திறந்து காட்டலையா?"

"ஃபோனைத் திறந்தா உள்ள தூசி போயிடும் மாமி."

"அதுவும் சரிதான். நீங்க பண்ணினதுதானே?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். "ஆமா மாமி. நானே உக்காந்து பூட்டினேன்" என்றார். யார் கேட்டார்கள் அந்த இரண்டாவது வாக்கியத்தை? வண்டியை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டும் வரை அது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

நாலே மாதம். மாமியின் ஃபோன் பின்பக்கம் பூரிபோல் உப்பி, செத்துப்போனது. கும்பகோணத்திலிருந்து ஒருவர் இரவல் கொடுத்த பழைய உரைநூலை, முந்நூறு பக்கத்தையும், மாமி அதில்தான் படம் எடுத்து வைத்திருந்தார். நூல் திரும்பிப் போய்விட்டது. "நீங்க பண்ணினதுதானே, திறந்து படத்தை மட்டும் எடுத்துக் குடுங்கோ" என்று கொடுத்தனுப்பினார்.

நிஜாமுதீன் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு திருகாணிகூடக் கண்ணில் படவில்லை. தன் பேர் போட்ட சாமானை எங்கே பிடித்துத் திறப்பது என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் கீழே செல்ஃபோன் சர்வீஸ் செய்யும் லிசியிடம் கொண்டுபோனார்.

லிசி சூடு காட்டி நிமிஷத்தில் திறந்துவிட்டாள். "பழைய போர்டுண்ணே. ரிப்பேர்ல கழிச்சதைத் தொடைச்சுத் திருப்பிப் போட்டிருக்காங்க. படமெல்லாம் வராது. எந்த ஃப்ராடுக் கம்பெனிண்ணே இது?" என்றபடி மூடியைத் திருப்பினாள். அச்சடித்த பேரைப் படித்தாள். அதற்கப்புறம் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காசும் வேண்டாம் என்றுவிட்டாள்.

நிஜாமுதீனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நஸ்ருல்லாவைத் திட்டிப் பார்த்தார், ஆறவில்லை. பொய் சொன்னது தன் வாயல்லவா?

மறுநாள் காலை மாமி வீட்டுக்குப் போனார். அவர் வாயைத் திறக்குமுன் மாமியே ஆரம்பித்துவிட்டார்.

"படம் வரலையா? போறது, விடுங்கோ. தப்பு என் பேர்லதான். நாள் பூரா சார்ஜ்லயே போட்டு வச்சிருந்தேன். பாயைக் குத்தம் சொல்லாதீங்கோன்னு எங்காத்துக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன். எதிராத்து சுபஸ்ரீக்கும் ஒண்ணு வேணுமாம், கொண்டு வாங்கோ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"வேணாம் மாமி. அது நான் செஞ்சதில்ல. யாரோ செஞ்சதுல என் பேரைப் போட்டு வித்தேன். உள்ள என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

மாமி கோபப்படவில்லை. கூடத்து மூலையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"அப்போ இது?"

"இது நான் செஞ்சதுதான் மாமி. சத்தியமா" என்றார் நிஜாமுதீன். உண்மையைத்தான் சொன்னார். அவர் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.