ஆடிக் காற்றில் கட்டிய நூல்

துருப்பிடித்த போல்ட் அடித்தால்தான் அசையும். அடித்தேன், உளி வழுக்கிக் கட்டைவிரல் பிளந்தது. எண்பதுகளில் ஓர் ஆடி மாதம். ராஜபாளையத்தில் அத்தானும் நானும், அதாவது அக்காள் கணவரும் நானும், சேர்ந்து நடத்திய ஷெட். ஜாக்கியில் நின்ற இரண்டு கதவுப் பழைய கார் ஸ்ரீவில்லிபுத்தூர் இரும்புக்கடை ராவுத்தருடையது. இடது பின்சக்கரம் கோணிக்கொண்டு டயரைக் கடித்துத் துப்பியது. மறுநாள் அவர் மகளுக்கு நிக்காஹ். பெண் போவது இந்தக் காரில்தான்.

சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பிக்கும் பாடிக்கும் நடுவே மெல்லிய தகடு செருகினால் சக்கரம் நேராகும். ஷிம் என்போம். எத்தனை ஷிம் என்று பார்க்க எங்களிடம் இருந்தது மில் நூல்தான். காரின் ஓரமாக இழுத்துக் கட்டி, நூலுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை அளப்போம். ஷெட்டுக்குள் இடமில்லையென்று தெருவில் கட்டினேன்.

"ஏலே, காத்து இந்த அடி அடிக்கி. நூலு வளையும்லா?"

"அத்தான், நீங்க டீயக் குடிங்க. எங்கண்ணுக்குத் தெரியாதா?"

மூன்று ஷிம் வைத்து, அத்தானைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன்.

வன்னியம்பட்டி அருகே லாரி எதிர்ப்பட்டது. பிரேக்கை மிதித்தேன். காரின் பின்பக்கம், கழுத்தில் கத்தி விழுந்த கிடாயாகத் துள்ளித் திரும்பியது. புளியமரத்தில் பட்டை உரிந்தது. அத்தான் ஒரு பல்லை ரத்தத்தோடு துப்பினார், என்னை அறைந்தார். நான் திருப்பி அறைந்தேன். அதுவரை செய்யாதது. புழுதியில் உருண்டோம்; லாரிக்காரன்தான் பிரித்துவிட்டான்.

ஷெட்டில் ராவுத்தர் காத்திருந்தார்.

"வண்டி ஆயிட்டா?"

கிழிந்த உதட்டோடு அத்தான், "ஆயிட்டு மொதலாளி," என்றார்.

"ஆகல," என்றேன். "புள்ளைய இதுல ஏத்தாதீங்க. எந் தப்பு. செத்த நேரம் குடுங்க."

அத்தான் ஸ்பேனரை ஓங்கினார். நான் காருக்கடியில் புகுந்து போல்ட்டுகளை அடித்துக் கழற்றினேன்.

உள்ளே கிடந்த வண்டிகளையெல்லாம் தெருவுக்குத் தள்ளி, கதவடைத்து, நூல் கட்டினோம். காற்றில்லாமல் அது அசையாமல் நின்றது. ஒரே ஷிம் போதும். மிஞ்சிய இரண்டை அத்தான் என் முகத்தில் எறிந்தார், புருவம் கிழிந்தது.

பொறவு அவரே ஓட்டினார். நான் பக்கத்தில். அதே புளியமரத்தடியில், எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லாதபோது, பிரேக்கை முழுசாக மிதித்தார். கார் கோடு போட்டாற்போல நேராக நின்றது. என் நெற்றி மட்டும் கண்ணாடியில் மோதியது.

"நாளைக்கு புள்ள போவலாம்," என்றார், சாலையைப் பார்த்தபடி.