எந்த முள்

ஐந்தாம் வகுப்பு முழு ஆண்டு விடுமுறையில் என்னைப் பதினோரு நாள் புன்னைக்காயலில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அப்பா கப்பலில் இருந்தார். ஆஸ்பத்திரி வேலையில் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தைக்கும் மாமாவுக்கும் பிள்ளைகள் இல்லை. தெருவில் இருந்த என் வயதுப் பெண்களுக்கு நான் தேவைப்படவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அத்தையும் மாமாவும் ஒரே அறையில் இருந்தாலும் என் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். "சோறு ஆறுதுன்னு உங்க மாமாகிட்ட சொல்லு" என்பாள் அத்தை. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மாமாவிடம் சொல்வேன். "வாரேன்னு சொல்லு" என்பார். அதை ஒரு விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் கொண்டுசேர்ப்பதில் பெருமைப்பட்டேன்.

மூன்றாம் நாள் மாமா கெளுத்தி மீன் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். அத்தை அடுப்பைப் பார்த்தபடியே, "பிள்ளைக்கு முள்ளு கிள்ளு குத்தாமப் பாத்துக்கிடச் சொல்லு" என்றாள். சொன்னேன்.

ஆற்றுவாய்க்கு வெளியே வள்ளத்தை நங்கூரம் போடாமல் நீரோட்டத்தோடு விட்டுவிடுவார். ஈயக்குண்டு சேற்றைத் தொட்டும் தொடாமலும் கூடவே வரவேண்டும். இரை அதற்கு ஒரு முழம் தள்ளி நிற்கவேண்டும். குண்டு கனத்தால் புதைந்துவிடும். லேசானால் இரை மேலே ஏறிவிடும். கெளுத்தியோ அடியில் மேய்வது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பள்ளி திறப்பதற்குள் என் கையால் ஒரு கெளுத்தி பிடித்துவிடுவேன் என்று அப்பாவுக்குக் கடிதம் போட்டிருந்தேன்.

குண்டையும் தூண்டில் முள்ளையும் நானே பெட்டியிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுப்பேன். கட்டுவதும், இரை வைப்பதும், தூண்டில் நரம்பை மேலே ஏற்றுவதும் மாமா. அதுவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முதல் நாள் சின்னக் குண்டு, ஒன்பதாம் நம்பர் முள், இறால்: மாமா நான்கு, நான் பூஜ்யம். கெளுத்திக்கு வாய் பெரிது என்பதால் மறுநாள் அதைவிடப் பெரிய ஏழாம் நம்பர், சாளை மீன் துண்டு: மாமா ஆறு, நான் பூஜ்யம். ஒவ்வொரு தடவையும் நரம்பு வெடுக்கென்று இழுக்கும். இரை மட்டும் போயிருக்கும்.

குற்றம் மாமாவின் வாயில்தான் என்று முடிவுசெய்தேன். வீட்டில் வாய் திறக்காத மனிதர் வள்ளத்தில் ஏறியதும் ஓயமாட்டார். தோணியில் கொழும்புக்குப் போனது, அங்கே தின்ற பலகாரம், முதன்முதலாகப் பார்த்த அன்று அத்தை கட்டியிருந்த சேலையின் நிறம்.

"பேசாதிய மாமா, மீனு ஓடிரும்."

"எங்கதையக் கேட்டு எந்த மீனுளா ஓடிச்சு?" என்று சிரிப்பார். கொஞ்ச நேரம் அடங்குவார். மறுபடி தொடங்குவார். மறுபடி அடக்குவேன்.

பூசைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக, தூண்டில் போட்ட ஆறாவது நாள், மாமாவின் நரம்பில் பெரிய கெளுத்தி ஒன்று மாட்டியது. அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் என் நரம்பும் இழுத்தது. நானே ஏற்றினேன். குண்டு வந்தது. நுனியில் பாதி தின்ற இறால், சிவப்பு நூலால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. முள் இல்லை.

"முள்ளு எங்க மாமா?"

மீனை வள்ளத்துக்குள் போட்டுவிட்டு விழித்தார். "முள்ளு குத்தக் கூடாதுன்னு நீதானளா வந்து சொன்ன?"

"அத்த சொன்னது கெளுத்தி முதுகுல இருக்க முள்ள!"

"அப்படியா?" உண்மையாகவே யோசித்தார். "எந்த முள்ளுன்னு நான் யார்ட்ட போயிக் கேக்க?"

நான் நரம்பைக் குண்டோடு சேர்த்துச் சுருட்டத் தொடங்கினேன்.

"இப்பக் கட்டித் தாரேன். ஏழாம் நம்பர்தானே?"

"வேண்டாம். கரைக்குப் போவோம்."

துடுப்புப் போட்டுக் கரை சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. நோட்டில் ஆறாவது பூஜ்யத்தைப் போட்டேன். இனி இந்த வீட்டில் யார் சொல்வதையும் யாரிடமும் சொல்வதில்லை என்றும் தீர்மானித்தேன். அன்று சாயங்காலம் அத்தை இரண்டு தடவை ஏதோ சொல்லச் சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் வீட்டில் பேச்சே இல்லை.

மறுநாள் விடிந்ததும் கண் திறந்தபோது, மாமா இரைப்பெட்டியோடு என் பாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடவில்லை, போகவும் இல்லை; வள்ளத்தில் கதை தொடங்குமுன் அசைவதுபோல உதடு மட்டும் அசைந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். ஒரு பெரிய மனிதர் பத்து வயதுப் பிள்ளையின் முன்னால் அப்படி நிற்பதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? கேட்கட்டும் என்று கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன்.