வெள்ளியில் ஒரு பித்தப்பை

“இந்தப் பச்சைப் பை தெரியுதா? அதான் என்னுது. இப்ப ஒரு கை வரும் பாருங்க… வந்துருச்சா? இன்னும் ரெண்டு வரும், அவசரப்படாதீங்க.”

வலது கை கொதிக்கிற எண்ணெயில் ஆமவடையைத் திருப்பிப் போடுகிறது. இடது கை ஆபரேஷன் வீடியோ ஓடுகிற செல்போனை வந்தவரின் மூக்குக்கு நேரே நீட்டுகிறது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துப் பக்கம் தள்ளுவண்டியில் வடை போடும் காளியாயியிடம் வருகிறவர்கள் இப்போதெல்லாம் அவள் வயிற்றுக்குள் ஒரு சுற்று போய்விட்டுத்தான் வடைக்கு வரமுடியும். நடுவில் சட்னி கேட்டால், “இருங்க, பையைத் தூக்கற இடம் இனிமேதான் வருது” என்பாள். பொம்பளைகள் வந்தால் கூடுதலாக ஒரு சலுகை உண்டு. வண்டி மறைவுக்குக் கூப்பிட்டு, சேலையைச் சற்றே விலக்கி, நாலு தழும்பையும் காட்டுவாள். “கொசு கடிச்ச மாதிரி இல்ல? எங்க மாமியாளுக்கு அந்தக் காலத்துல கிழிச்சது ரயில் தண்டவாளமாட்டம் கிடந்துச்சு!”

முன்பு இதே இடத்தில்தான் அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்காருவாள். வாயு என்று சோடா குடித்தாள், ஓமத்தண்ணீர் குடித்தாள். வலி முதுகுக்கு ஏறி, வாந்தியும் வந்த பிறகுதான் தில்லைநகரில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் போனில், “ரோபோ வச்சே பண்ணிருங்க, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டான்.

ஆபரேஷன் அறையில் மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் காளியாயி தலையைத் திருப்பிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில், உடம்பெல்லாம் கண்ணாடித்தாள் போர்த்திக்கொண்டு, கைகளைத் தூக்கியபடி ஒன்று நின்றது. எண்ணினாள். நாலு கை. இத்தனை கையோடு இந்த உலகத்தில் வேறு யார் வந்து நிற்பார்கள்? படுத்தபடியே கும்பிட்டுவிட்டாள். “சமயபுரத்தாளே, நீயே வந்துட்டியா! நல்லபடியா எந்திரிச்சா என் பித்தப்பையை வெள்ளியில அடிச்சு உன் உண்டியல்ல போடறேன் தாயி. அதுவரைக்கும் எண்ணெய்ப் பலகாரத்தை நாக்குல வைக்க மாட்டேன்.” அப்படியே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் வார்டு முழுக்க நடந்து, சமயபுரத்தாள் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவளைப் பிடித்து உட்காரவைத்து, ஆபரேஷன் பண்ணிய டாக்டர் வைஷ்ணவி சொன்னாள்: “அம்மா, அது மெஷின்மா. தானா ஒண்ணும் பண்ணாது. நான் ஒரு ஓரமா உக்காந்து, உள்ள தெரியறதைப் பெருசா பாத்துக்கிட்டே ஓட்டறேன். என் கை அசைஞ்சாத்தான் அது கை அசையும்.”

“சரி கண்ணு. உன் கைக்குள்ள நின்னவ யாரு?”

டாக்டர் சிரித்துவிட்டாள். “நீங்க சொன்னா அவதாம்மா. முதல்ல இட்லியைச் சாப்பிடுங்க.”

ஆபரேஷன் வீடியோவைக் கேட்டு வாங்கிச் செல்போனில் ஏற்றிக்கொண்டுதான் காளியாயி வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாள் கழித்து, எண்ணெய்ப் பலகாரம் அளவாகச் சாப்பிடலாம் என்று டாக்டரின் உத்தரவும் கிடைத்துவிட்டது. சமயபுரத்தாளின் உத்தரவுதான் பாக்கி. அதில்தான் தொழில் மாட்டிக்கொண்டது. முதல் ஈடு இறங்கியதும் ஒரு வடையைப் பிய்த்து வாயில் போட்டு, உப்பு காரம் பார்த்து, மாவைச் சரிசெய்வது காளியாயியின் வழக்கம். இப்போது அந்த வேலை புருஷன் வெள்ளைச்சாமியிடம் போனது.

“எப்படிங்க இருக்கு?”

“பிரமாதம்.”

“உப்பு?”

“அதுவும் பிரமாதம்.”

தினமும் பிரமாதம்தான். ஆனால் தட்டில் வடை மிஞ்ச ஆரம்பித்தது. நின்ற நிலையில் நாலு வடை தின்கிற ஆட்டோ ஆரிஃப் ஒன்றோடு கை துடைத்தான். “என்ன தம்பி, ஒண்ணுதானா?” என்று கேட்டால், “டயட்டு, அக்கா” என்றான். சாயங்காலம் பார்த்தால் அவன் ஆட்டோ எதிர்த்த பஜ்ஜிக் கடையில் நிற்கிறது. காளியாயி புருஷன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, பையை உருவுறப்ப அதோட என் கைப்பக்குவத்தையும் சேத்து உருவிட்டாங்களா?” என்று கேட்டாள். “உனக்கு எப்பவும் ஏதாச்சும் ஒண்ணு” என்று வெள்ளைச்சாமி வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

நேர்த்திக்கடன் முடிந்து தன் நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சமயபுரத்துக் கடைகளில் ஏறி இறங்கினாள். வெள்ளித் தகட்டில் கண்மலர் இருக்கிறது, கை இருக்கிறது, கால் இருக்கிறது, தொட்டிலும் பிள்ளையும் இருக்கிறது. பித்தப்பை இல்லை. “வயிறு வாங்கிக்கம்மா, எல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு” என்றார் கடைக்காரர்.

“என் வயிறு நல்லாத்தானேய்யா இருக்கு? நான் வேண்டிக்கிட்டது பித்தப்பை. மாத்திப் போட்டா அம்மா கேக்க மாட்டாளா?”

கடைசியில் சின்னக்கடை வீதியில் வெள்ளிவேலை செய்யும் ராசப்பனிடம் போனாள். செல்போனைக் காட்டினாள். ராசப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் பார்த்தார். பாதியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியையும் பார்த்தார்.

“கல்லு வச்சு செய்யணுமா, வெறுமனேவா?” என்றார் தொழில் பழக்கத்தில்.

“ஐயோ சாமி, கல்லு வேணாம்! கல்லால பட்டது போதும்.”

மறுவாரம் அவர் கொடுத்ததைப் பார்த்துக் காளியாயி இடுப்பில் கைவைத்தாள். “என்னண்ணே இது? கத்திரிக்கா செஞ்சு வச்சிருக்கீங்க?”

“நீ காட்டுனது அப்படித்தாம்மா இருந்துச்சு.”

“காம்பு எதுக்குண்ணே? என் பையில காம்பா இருந்துச்சு? கத்திரிக்காய்க்கு யாராச்சும் வேண்டிக்கிட்டிருந்தா அவங்களுக்குக் குடுங்க.”

இன்னொரு தரம் படம் ஓடியது. ராசப்பன் காம்பை வெட்டி, கழுத்தை மெலிசாக இழுத்து, வயிற்றுப் பக்கத்தைத் தட்டி உப்பவைத்துக் கொடுத்தார். காளியாயி அதைத் தன் விலாவுக்குக் கீழே வைத்து அளவு பார்த்தாள். “இதுதான்!” என்று கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடியலிலேயே வடை சுட்டு இலையில் மடித்துக்கொண்டு, டோல்கேட்டில் பஸ் மாறி, புருஷனும் பெண்டாட்டியும் சமயபுரம் போனார்கள். வாசலில் உப்புமிளகுப் பொட்டலம் வாங்கி, கொட்டுகிற இடத்தில் கொட்டினாள். வெறும் காகிதத்தைக் கீழே போட மனமில்லாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சன்னிதியில், “நகரும்மா, நகரும்மா” என்று விரட்டுகிற நெரிசலில், வெள்ளியை உயரத் தூக்கி முன்பக்கமும் பின்பக்கமும் அம்மாவுக்குத் திருப்பிக் காட்டினாள். உண்டியலில் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்தாள். கிணுங்கென்று கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் கூடவே வந்தது.

வெளியே வந்து, நிழலில் உட்கார்ந்து, இலையைப் பிரித்தாள். டாக்டர் சொல்லுக்காக ஒரு வடையை மட்டும் எடுத்து முந்தானையில் எண்ணெயை ஒற்றினாள். கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடித்தாள். மென்றாள். மெல்லுவது நின்றது.

“ஏங்க.”

“ம்.”

“இத்தனை நாளும் இதைத்தான் பிரமாதம்னீங்களா?”

“சீக்கு உடம்பு… மனசு சங்கடப்படுவியேன்னு…” வெள்ளைச்சாமி கோபுரத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.

காளியாயி இடுப்பில் செருகிய உப்புக் காகிதத்தை எடுத்துப் பிரித்து, மூலையில் ஒட்டியிருந்த மிச்சத்தை வடைமேல் தட்டினாள். ஒரு கடி கடித்துவிட்டு, மீதியைப் புருஷன் வாயில் திணித்தாள்.